சர்வரின் அடையாளம்: கிளவுட் இமேஜும் ஹோஸ்ட் சாவியும்

1. ஹோஸ்ட் சாவியின் வேலை

எஸ்எஸ்எச் இணைப்பில் அடையாளச் சோதனை இரண்டு முறை நடக்கிறது. முதலில் சர்வர், தான் இன்ன சர்வர்தான் என்று நுழைபவருக்கு நிரூபிக்கிறது. அதன் பிறகே நுழைபவர், தாம் இன்னார் என்று சர்வருக்குக் கடவுச்சொல்லாலோ பயனர் சாவியாலோ நிரூபிக்கிறார். பின்னதைப் பற்றிப் பேச்சு அதிகம். முன்னதைப் பற்றிக் குறைவு. அந்த முன்னதற்கு ஆதாரமாக இருப்பது ஹோஸ்ட் சாவி.

எஸ்எஸ்எச் நெறிமுறையை 1995இல் உருவாக்கியவர் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாத்து யுலோனன். அப்பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திரட்டியதுதான் அதற்குத் தூண்டுதல். டெல்நெட், ஆர்லாகின் போன்ற அன்றைய கருவிகள் எதையும் மறைக்காமல் அனுப்பின. இன்று லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் ஓடுவது ஓப்பன்பிஎஸ்டி குழு 1999இல் வெளியிட்ட ஓப்பன்எஸ்எஸ்எச். நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு 2006 ஜனவரியில் ஆர்எஃப்சி 4251 முதல் 4254 வரையிலான ஆவணங்களில் முறைப்படுத்தப்பட்டது.

ஹோஸ்ட் சாவி என்பது ஒரு ஜோடி. தனிச் சாவி சர்வரின் டிஸ்கில், ரூட் பயனர் மட்டுமே படிக்கக்கூடிய கோப்பாக இருக்கும். பொதுச் சாவியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். லினக்ஸில் இரண்டும் ஈடிசி அடைவுக்குள் எஸ்எஸ்எச் என்ற உள்ளடைவில் கிடக்கின்றன. இன்றைய உபுண்டு சர்வர் ஒன்றில் அந்த அடைவைத் திறந்தால் ஆர்எஸ்ஏ, இசிடிஎஸ்ஏ, இடி25519 என மூன்று வகையும், வகைக்கு இரண்டாக ஆறு கோப்புகளும் தெரியும். டிஎஸ்ஏ என்ற பழைய வகை 2015இல் இயல்பாக முடக்கப்பட்டு, 2025இல் வந்த 10.0 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டது.

இணைப்பு தொடங்கியதும் இரு தரப்பும் டிஃபி-ஹெல்மன் முறையில் ஒரு பகிர்வு ரகசியத்தை உருவாக்கிக்கொள்கின்றன. அந்தப் பரிமாற்றத்தின் சுருக்க எண்ணில் சர்வர் தன் தனிச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. கிளையன்ட் அந்தக் கையொப்பத்தைப் பொதுச் சாவியால் சரிபார்த்துவிட்டு, அந்தப் பொதுச் சாவி தனக்குத் தெரிந்ததுதானா என்று பயனரின் நோன்-ஹோஸ்ட்ஸ் கோப்பில் தேடுகிறது. முன்பே பதிவாகி, பொருந்தினால் சத்தமில்லாமல் உள்ளே விடும். பதிவே இல்லையென்றால், இந்த ஹோஸ்டின் நம்பகத்தன்மையை உறுதிசெய்ய முடியவில்லை என்று சொல்லி, சாவியின் கைரேகையைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். வேறு சாவி பதிவாகியிருந்தால், ஹோஸ்டின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் எச்சரித்து, இணைப்பை மறுத்துவிடும்.

திரையில் காட்டப்படும் கைரேகை, பொதுச் சாவியின் எஸ்எச்ஏ-256 சுருக்கம். 43 எழுத்துகளாக வரும். 2015க்கு முன் அது எம்டி5 சுருக்கமாக, முக்காற்புள்ளி இட்டுப் பிரித்த 16 ஜோடி எழுத்துகளாக இருந்தது. முதல் இணைப்பில் இந்தக் கைரேகையை வேறொரு வழியில் சரிபார்த்துவிட்டு ‘யெஸ்’ என்று தட்டுவதே முறை. நடைமுறையில் பலரும் பார்க்காமலே தட்டுகிறார்கள். முதல் சந்திப்பில் நம்பிவிட்டு, அதன் பிறகு மாற்றம் வந்தால் மட்டும் சந்தேகப்படும் இந்த ஏற்பாடு ஒரே ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒரு தனிச் சாவி ஒரு சர்வரில் மட்டுமே இருக்கும். கிளவுட் இமேஜ்கள் அந்த அனுமானத்தைத்தான் உடைக்கின்றன.

2. இமேஜில் ஒட்டிக்கொண்டு வருபவை

ஒரு காலத்தில் சர்வர் என்பது ஒருவர் டிஸ்க் போட்டு இன்ஸ்டால் செய்த பெட்டி. இன்ஸ்டால் நடக்கும்போதே ஹோஸ்ட் சாவியும் பிறந்துவிடும். பெட்டி ஒன்று, சாவி ஒன்று. கிளவுடில் யாரும் இன்ஸ்டால் செய்வதில்லை. யாரோ ஒரு முறை இன்ஸ்டால் செய்து, தேவையான மென்பொருளைச் சேர்த்து, டிஸ்கை அப்படியே நகலெடுத்து வைக்கிறார்கள். அந்த நகல்தான் இமேஜ். ஒரு இமேஜிலிருந்து பத்து இன்ஸ்டன்ஸும் எழும், பத்தாயிரமும் எழும்.

நகலில் நல்லவை மட்டும் வருவதில்லை. இமேஜ் தயாரித்தவரின் கட்டளை வரலாறு, பதிவேடுகள், தற்காலிகக் கோப்புகள், கணினியின் அடையாள எண்ணான மெஷின்-ஐடி, ரேண்டம் விதைக் கோப்பு, ஹோஸ்ட் சாவிகள் எல்லாம் கூடவே வருகின்றன. இவற்றில் எதைத் துடைப்பது என்று தயாரிப்பவர் முடிவு செய்ய வேண்டும். மறந்தால் அந்த இமேஜிலிருந்து எழும் ஒவ்வொரு சர்வரும் ஒரே தனிச் சாவியோடு எழும். ஊருக்கு ஊர் கிராம நிர்வாக அலுவலகங்களுக்கு ஒரே முத்திரைக் கட்டையைச் செய்து கொடுத்த கதைதான் அது: எந்த ஊர்ச் சான்றிதழ் என்று முத்திரையை வைத்து இனிச் சொல்ல முடியாது.

சாவி எந்தத் தருணத்தில் உருவாகிறது என்பது லினக்ஸ் வகைக்கு வகை மாறுபடுகிறது. டெபியன், உபுண்டு குடும்பத்தில் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் பொதியை நிறுவும்போதே அதன் நிறுவல் நிரல் சாவிகளை உருவாக்கிவிடுகிறது. ஆகவே இமேஜ் கட்டும் கணினியில் பொதியை நிறுவிய அந்த நிமிடத்திலேயே சாவி இமேஜுக்குள் போய்விடுகிறது. ஃபெடோரா, ரெட் ஹாட் குடும்பத்தில் பொதியை நிறுவுவதால் மட்டும் சாவி பிறப்பதில்லை. எஸ்எஸ்எச் சர்வர் நிரலான எஸ்எஸ்எச்டி சர்வீஸ் தொடங்குவதற்கு முன் தனி யூனிட் ஒன்று ஓடி, இல்லாத சாவிகளை உருவாக்குகிறது. ஆல்பைனிலும் தொடக்க நிரலே இதைப் பார்த்துக்கொள்கிறது. இந்த இரண்டாம் வகையில்கூட, இமேஜ் கட்டுபவர் சோதனைக்காக ஒரு முறை சர்வீஸைத் தொடங்கிவிட்டால் சாவி பிறந்து, இமேஜில் தங்கிவிடும்.

கன்டெய்னர் இமேஜ்களில் இது இன்னும் சிக்கல். அவை அடுக்கடுக்காகக் கட்டப்படுபவை. ஓர் அடுக்கில் எஸ்எஸ்எச் பொதியை நிறுவி, அடுத்த அடுக்கில் சாவியை அழித்தால், இயங்கும் கன்டெய்னரில் சாவி தெரியாது; ஆனால் கீழடுக்கில் அப்படியே இருக்கும். இமேஜைப் பதிவிறக்கும் எவரும் அந்த அடுக்கைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். நிறுவலும் அழிப்பும் ஒரே கட்டளை வரியில் நடந்தால்தான் சாவி எந்த அடுக்கிலும் தங்காது.

3. ஒரே சாவி பல சர்வரில் இருந்தால்

பொது இமேஜில் இருக்கும் தனிச் சாவி தனிச் சாவியே அல்ல. அந்த இமேஜிலிருந்து ஒரு இன்ஸ்டன்ஸை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுக்கும் எவரும் ரூட் பயனராக நுழைந்து கோப்பைப் படிக்கலாம். படித்தவர், அதே இமேஜில் ஓடும் மற்றவர்களின் சர்வராக வேடமிடலாம்.

இந்த ஆபத்தின் எல்லையைச் சரியாக வரையறுத்துக்கொள்வது நல்லது. ஹோஸ்ட் சாவி கையொப்பமிட மட்டுமே பயன்படுகிறது. தரவை மறைக்கும் சாவி ஒவ்வொரு அமர்விலும் புதிதாகப் பிறக்கிறது. எனவே, ஹோஸ்ட் சாவி கையில் கிடைத்தாலும் முன்பு பதிவு செய்து வைத்த போக்குவரத்தைப் பிரித்துப் படிக்க முடியாது. தாக்குபவர் இணைப்பின் நடுவே வந்து நின்றாக வேண்டும். உள்வலையமைப்பில் முகவரியைத் திருப்பிவிடுவது, டிஎன்எஸ் பதிலைப் போலியாகத் தருவது, பொது வைஃபையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது என்று அதற்கு வழிகள் உண்டு.

நடுவே வந்தபின் நடப்பது, பயனர் எப்படி நுழைகிறார் என்பதைப் பொறுத்தது. கடவுச்சொல் என்றால் அது நேரே தாக்குபவரின் கைக்குப் போகிறது. அவர் அதை உண்மையான சர்வருக்கு அனுப்பி நுழைந்து, இரு பக்கமும் போவதையெல்லாம் படிக்கலாம். பயனர் சாவி என்றால் அவ்வளவு எளிதல்ல. பயனரின் கையொப்பம் அந்த அமர்வின் அடையாள எண்ணோடு பிணைந்தது. அதை எடுத்து வேறோர் அமர்வில் செலுத்த முடியாது. ஆனால் போலி சர்வர் எந்தச் சாவியையும் ஏற்றுக்கொண்டதாக நடிக்கலாம். பயனர் உள்ளே வந்துவிட்டதாக நம்பி சூடோ கடவுச்சொல்லைத் தட்டலாம், ரகசியக் கோப்பை ஏற்றலாம். பயனரின் சாவியை சர்வரிலிருந்தே பயன்படுத்த விடும் ஏஜென்ட் ஃபார்வர்டிங் இயக்கத்தில் இருந்தால், அவருடைய சாவியைக் கொண்டு மற்ற சர்வர்களிலும் நுழைய வழி திறந்துவிடும்.

கிளவுடுக்கே உரிய வழி ஒன்றும் உண்டு. ஒருவர் தம் இன்ஸ்டன்ஸை நீக்கினால் அதன் ஐபி முகவரி பொதுக் குவியலுக்குத் திரும்பி, வேறொரு வாடிக்கையாளருக்குப் போகிறது. பழைய முகவரி இன்னும் யாருடைய நிரலிலோ டிஎன்எஸ் பதிவிலோ கிடக்கலாம். சாவிகள் வேறுவேறாக இருந்தால், அடுத்த இணைப்பில் அடையாளம் மாறிவிட்டது என்ற எச்சரிக்கை வரும். தவறு அங்கேயே தெரிந்துவிடும். இருவரும் ஒரே இமேஜைப் பயன்படுத்தி, அதில் ஒரே சாவி இருந்தால், எச்சரிக்கையே வராது. அந்நியரின் சர்வர் தம்முடையதாகவே தோன்றும். தாக்குதல் நோக்கம் யாருக்கும் இல்லாதபோதும் தரவு தவறான கைக்குப் போகும்.

4. நடந்தவை

இது ஏட்டளவிலான அச்சம் அல்ல. ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் ஆய்வாளர்கள் 2011இல் அமேசான் கிளவுடில் பொதுவில் கிடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இமேஜ்களை ஆராய்ந்தார்கள். தயாரித்தவர்கள் துடைக்க மறந்த ரகசியங்கள் அவற்றில் கிடைத்தன. இமேஜிலேயே பொதிந்த ஹோஸ்ட் சாவிகளும் அவற்றுள் உண்டு. அடுத்த ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இமேஜ்களைப் பார்த்தது. அழித்துவிட்டதாகத் தயாரித்தவர்கள் நினைத்த கோப்புகளை டிஸ்கிலிருந்து மீட்க முடியும் என்று அது காட்டியது. கோப்பை அழிப்பது அடைவிலிருந்து பெயரை நீக்குகிறதே தவிர, டிஸ்கின் தொகுதிகளைத் துடைப்பதில்லை.

2015 ஜூனில் சிஸ்கோ, தன் மெயில் மற்றும் இணையப் பாதுகாப்புக் கருவிகளின் மெய்நிகர் வடிவங்கள் எல்லாவற்றிலும் ஒரே ஹோஸ்ட் சாவி இருந்ததாக அறிவித்தது. வாடிக்கையாளர் இமேஜை இறக்கி ஓடவிடும் கருவிகள் அவை. அதே அறிவிப்பில் இரண்டாவது குறை ஒன்றும் இருந்தது: உதவிப் பணியாளர் நுழைவதற்கான பயனர் சாவியும் எல்லாக் கருவிகளிலும் பொதுவாக இருந்தது. இமேஜில் சாவியை வைக்கும் பழக்கம் ஒரு வகையோடு நிற்பதில்லை.

அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரியாவின் எஸ்இசி கன்சல்ட் நிறுவனம், 70க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களின் 4,000க்கும் மேற்பட்ட சாதனங்களின் ஃபர்ம்வேரைப் பிரித்து, அவற்றில் பொதிந்த தனிச் சாவிகளைத் திரட்டி, இணையம் முழுவதும் எடுத்த ஸ்கேன் தரவோடு ஒப்பிட்டது. ஏறக்குறைய 80 எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகள் 9 லட்சம் ஹோஸ்ட்களில் பயன்பாட்டில் இருந்தன. அன்றைய எஸ்எஸ்எச் ஹோஸ்ட்களில் அது 6 சதவீதத்துக்கும் மேல். ரவுட்டரின் ஃபர்ம்வேரும் சர்வரின் இமேஜும் இந்த விஷயத்தில் ஒரே இனம்: ஓரிடத்தில் தயாராகி, பல இடங்களில் இயங்குபவை.

5. முதல் பூட் சமயத்தில் செய்ய வேண்டியது

தீர்வு கேட்பதற்கு எளியது. இமேஜில் சாவி இருக்கக் கூடாது. ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் முதன்முதலாக பூட் ஆகும்போது தனக்கான சாவியைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். இதில் முதல் பாதியை இமேஜ் கட்டுபவரும், இரண்டாம் பாதியை இமேஜுக்குள் இருக்கும் ஒரு நிரலும் செய்ய வேண்டும். ஒரு பாதியை மட்டும் செய்தால் வேலை கெடும். டெபியன் இமேஜில் சாவிகளை அழித்துவிட்டு, மறுபடி உருவாக்க ஏற்பாடு செய்யாமல் விட்டால், எஸ்எஸ்எச்டி தொடங்காது. ஹோஸ்ட் சாவி ஏதும் இல்லை, வெளியேறுகிறேன் என்று ஒற்றை வரியைப் பதிவேட்டில் எழுதிவிட்டு நின்றுவிடும். கன்சோல் வழியே தவிர அந்த சர்வருக்குள் போக வழியிருக்காது.

உருவாக்கும் வேலைக்கு ஓப்பன்எஸ்எஸ்எச் தரும் கருவி எஸ்எஸ்எச்-கீஜென். அதைப் பெரிய ‘ஏ’ விருப்பத்தோடு இயக்கினால், எந்தெந்த வகைச் சாவி இல்லையோ அவற்றை மட்டும் இயல்பு அளவில், கடவுச்சொல் இல்லாமல் உருவாக்கும். இருக்கும் சாவியைத் தொடாது. ஆகவே பழைய சாவியை முதலில் அழிக்காமல் இதை மட்டும் இயக்கினால் எதுவும் மாறாது. செய்துவிட்ட நினைப்பு மட்டும் மிஞ்சும்.

கிளவுடில் இந்த இரு பாதிகளையும் இணைத்துச் செய்வது பெரும்பாலும் கிளவுட்-இனிட். உபுண்டுவை அமேசான் கிளவுடுக்குக் கொண்டுபோவதற்காக கேனொனிக்கலில் தொடங்கிய இந்த நிரல், இன்று ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கிளவுட் இமேஜ்களிலும் இருக்கிறது. பூட் ஆகும்போது கிளவுடின் மெட்டாடேட்டா சேவையிடமிருந்து இன்ஸ்டன்ஸின் அடையாள எண்ணை அது வாங்கி, முன்பு தான் பதிந்து வைத்த எண்ணோடு ஒப்பிடுகிறது. எண் புதிது என்றால் இது புதிய இன்ஸ்டன்ஸ். பழைய ஹோஸ்ட் சாவிகளை அழித்து, புதியவற்றை உருவாக்குகிறது. எண் பழையது என்றால் இது வெறும் ரீபூட், சாவியைத் தொடுவதில்லை. முதல் பூட் எது என்பதை ‘டிஸ்கில் குறி இருக்கிறதா’ என்று பார்த்து முடிவு செய்யாமல், கிளவுடே தந்த எண்ணை வைத்து முடிவு செய்வதுதான் இதன் பலம். ஓடிக்கொண்டிருந்த சர்வரிலிருந்து எடுத்த இமேஜில் குறியும் நகலாகிவிடும். அடையாள எண் மட்டும் மாறும்.

அழிப்பதா வேண்டாமா என்பதை ஓர் அமைப்பு வரி தீர்மானிக்கிறது. கிளவுட்-இனிட்டின் சொந்த இயல்பு, அழிப்பது. ஆனால் விநியோகத்தோடு வந்த அமைப்புக் கோப்பில் அந்த வரி பூஜ்யம் என்று வைக்கப்பட்டிருந்தது 2018இல் ஒரு பாதுகாப்புக் குறையாகப் பதிவாகி, சிவிஇ-2018-10896 என்ற எண்ணைப் பெற்றது. கட்டிய இமேஜிலிருந்து குளோன் எடுக்கும் இடங்களில், சர்வர்கள் ஒன்றன் சாவியை மற்றொன்று பகிர்ந்துகொண்டு, ஒன்று மற்றொன்றாக வேடமிட முடியும் என்பதே அப்பதிவின் சாரம். ஒற்றை இலக்கம் செய்த வேலை அது.

கிளவுட்-இனிட் இல்லாத இடங்களில் வேறு ஏற்பாடுகள் உண்டு. சிஸ்டம்டி, மெஷின்-ஐடி கோப்பு இல்லாவிட்டால் அதை முதல் பூட் என்று கொள்கிறது. அந்த நிபந்தனையோடு ஒரு யூனிட் எழுதிச் சாவியை உருவாக்கலாம். இமேஜைத் துடைக்க லிப்கெஸ்ட்எஃப்எஸ் திட்டத்தின் விர்ட்-சிஸ்பிரெப் உதவுகிறது. அதன் பணிப்பட்டியலில் ஹோஸ்ட் சாவிகளை நீக்குவதும் ஒன்று. எதைப் பயன்படுத்தினாலும் வரிசை முக்கியம். எஸ்எஸ்எச்டி தொடங்கும் முன் சாவி உருவாகி முடிந்திருக்க வேண்டும். வரிசையை யூனிட் கோப்பில் வெளிப்படையாக எழுதாமல் விட்டால், ஒரு கணினியில் சரியாக ஓடுவது இன்னொன்றில் ஓடாது. இமேஜில் பழைய சாவி மிஞ்சியிருந்து, புதியது தாமதமாக உருவானால், பழைய சாவியோடு சர்வர் சில நொடிகள் கதவைத் திறந்து வைத்திருக்கும். அந்த நொடிகளில் தானாக இணையும் நிரல் பழைய சாவியைப் பதிந்துகொள்ளும்.

பாதியில் மின்சாரமோ மெய்நிகர் கணினியோ நின்றுபோனால் சாவிக் கோப்பு காலியாக, பூஜ்ய நீளத்தில் தங்கிவிடுவதும் உண்டு. கோப்பு இருக்கிறது என்று நம்பிப் பழைய எஸ்எஸ்எச்-கீஜென் அதைத் தாண்டிப் போனது. பிந்தைய பதிப்புகள் காலிக் கோப்பை இல்லாத கோப்பாகவே கொண்டு, புதிதாக எழுதுகின்றன.

6. தற்செயல் எண் எங்கிருந்து வருகிறது

சாவி புதிது என்பதால் மட்டும் அது வேறு என்று ஆகிவிடாது. சாவி பிறப்பது தற்செயல் எண்களிலிருந்து. அந்த எண்கள் ஊகிக்கக்கூடியவையாக இருந்தால் சாவியும் ஊகிக்கக்கூடியதே. முதல் பூட்டின் முதல் சில நொடிகள்தான் ஒரு கணினியின் வாழ்வில் தற்செயல் மிகக் குறைந்த நேரம் என்பது இதிலுள்ள சங்கடம். விசைப்பலகை இல்லை, மவுஸ் இல்லை, வலையமைப்புப் போக்குவரத்து இன்னும் தொடங்கவில்லை. டிஸ்கும் மெய்நிகர் டிஸ்க். அந்த நேரம் பார்த்துத்தான் கணினியின் நீண்டகால அடையாளத்தை உருவாக்கச் சொல்கிறோம்.

தற்செயல் கெட்டால் என்ன ஆகும் என்பதை டெபியன் 2008இல் கண்டது. 2006 செப்டம்பரில் அதன் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், நினைவகச் சோதனைக் கருவி ஒன்று குறை சொன்னதற்காகச் சில வரிகள் நீக்கப்பட்டன. அவற்றோடு தற்செயல் மூலங்களும் போய், மிஞ்சியது இயங்கும் நிரலின் செயல் எண் மட்டுமே. ஒரு கட்டமைப்பில், ஒரு வகைக்கும் அளவுக்கும் 32,767 சாவிகளுக்கு மேல் பிறக்க வழியில்லாமல் போயிற்று. லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொல்ல, 2008 மே 13 அன்று அறிவிப்பு வந்தது. உலகெங்கும் டெபியன், உபுண்டு சர்வர்களில் ஹோஸ்ட் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. பலவீனமான சாவிகளின் பட்டியலே ஒரு பொதியாக விநியோகிக்கப்பட்டது.

2012இல் நாடியா ஹெனிங்கர், சாகிர் துருமெரிக், எரிக் வுஸ்ட்ரோ, அலெக்ஸ் ஹால்டர்மன் ஆகிய நால்வரும் யூசனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வெளியிட்ட ஆய்வு, இதே குறை பிழையான நிரல் இல்லாமலும் வரும் என்று காட்டியது. இணையம் முழுவதும் திரட்டிய பொதுச் சாவிகளையும் கையொப்பங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 0.03 சதவீத எஸ்எஸ்எச் ஹோஸ்ட்களின் ஆர்எஸ்ஏ தனிச் சாவிகளையும், 1.03 சதவீதத்தின் டிஎஸ்ஏ தனிச் சாவிகளையும் அவர்கள் கணக்கிட்டு எடுத்தார்கள். இரண்டு கணினிகள் ஒரே பகா எண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தால், மீப்பெரு பொதுவகு எண் காணும் பள்ளிக் கணக்கே இரண்டு சாவியையும் உடைத்துவிடும். பூட் ஆன உடனேயே, லினக்ஸின் தற்செயல் ஊற்று நிரம்புவதற்குள் சாவியை உருவாக்கியதுதான் முக்கியக் காரணம். அகப்பட்டவை பெரும்பாலும் ரவுட்டர் போன்ற சிறு சாதனங்கள்.

அதன் பின் கெர்னல் திருந்தியது. 2014இல் லினக்ஸ் 3.17, கெட்ரேண்டம் என்ற அழைப்பைக் கொண்டுவந்தது. ஊற்று ஒரு முறை நிரம்பும் வரை அது காத்திருக்கும், நிரம்பாமல் எண் தராது. 2019இல் 5.4 பதிப்பு, காத்திருப்பு நீண்டால் ப்ராசஸரின் நேர ஏற்றத்தாழ்வுகளிலிருந்து தற்செயலைத் திரட்டிக்கொள்ளும் வசதியைச் சேர்த்தது. ப்ராசஸரின் உள்ளமைந்த தற்செயல் கட்டளையும், ஹோஸ்ட் கணினியின் தற்செயலை மெய்நிகர் கணினிக்குக் கொடுக்கும் விர்ட்டியோ-ஆர்என்ஜி சாதனமும் இன்று பரவலாக உள்ளன. பெரிய கிளவுடுகளில் இன்றைய கெர்னலோடு எழும் இன்ஸ்டன்ஸுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

இமேஜ் கட்டுபவர் செய்யக்கூடிய தவறு ஒன்று மிச்சம் இருக்கிறது. கணினி நிற்கும்போது அடுத்த பூட்டுக்காகத் தற்செயல் விதையை ஒரு கோப்பில் சேமித்து வைக்கும். அந்தக் கோப்பு இமேஜோடு போனால் எல்லா இன்ஸ்டன்ஸும் ஒரே விதையோடு எழும். ஹோஸ்ட் சாவியைத் துடைப்பவர் இதையும் துடைக்க வேண்டும். நினைவகத்தோடு சேர்த்து உறையவைத்து எடுத்த ஸ்னாப்ஷாட்டில் துடைப்பது போதாது. தற்செயல் ஊற்றின் நிலையே நகலாகிவிடும். அப்படி எழுப்பப்பட்டதை மெய்நிகர் கணினிக்குத் தெரிவிக்கும் தலைமுறை எண் ஏற்பாட்டை லினக்ஸ் 2022இல், 5.18 பதிப்பில் ஏற்றுக்கொண்டது.

7. கைரேகையை உரியவரிடம் சேர்ப்பது

சாவி சரியாகப் பிறந்தது என்று வைத்துக்கொண்டாலும், வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அது சரியான சாவி என்று முதல் முறை இணைபவருக்கு எப்படித் தெரியும்? கிளவுடில் இன்ஸ்டன்ஸ்கள் அடிக்கடி பிறந்து மறைவதால், முதல் சந்திப்பு என்பது வாழ்நாளில் ஒரு முறை நடப்பதல்ல, தினமும் நடப்பது.

எல்லா இடத்திலும் கிடைக்கும் வழி, கன்சோல் பதிவு. சாவிகளை உருவாக்கியதும் கிளவுட்-இனிட், அவற்றின் கைரேகைகளைத் தொடக்கக் கோடும் முடிவுக் கோடும் இட்டு சீரியல் கன்சோலில் அச்சிடுகிறது. அந்தப் பதிவை கிளவுட் நிறுவனத்தின் ஏபிஐ வழியே, டிஎல்எஸ் பாதுகாப்போடு வாங்கலாம். அது இன்ஸ்டன்ஸின் வலையமைப்பைத் தொடாத தனி வழி என்பதால், நடுவில் நிற்பவர் அதை மாற்ற முடியாது. அங்கே உள்ள கைரேகையை முன்னொட்டோடு முழுதாக எடுத்து, முதல் இணைப்பில் கேள்வி வரும் இடத்தில் ‘யெஸ்’ என்பதற்குப் பதிலாக அப்படியே ஒட்டலாம். புதிய ஓப்பன்எஸ்எஸ்எச் தானே ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டும் தொடரும். கண்ணால் ஒப்பிடும் சோம்பலுக்கு இது நல்ல மருந்து. கூகுள் கிளவுடில் இன்ஸ்டன்ஸ் தன் பொதுச் சாவியை விருந்தினர் பண்புகள் என்ற இடத்தில் எழுத, அந்நிறுவனத்தின் கட்டளைக் கருவி அதைப் படித்துத் தானே பதிந்துகொள்ளும் ஏற்பாடும் உண்டு.

தலைகீழ் வழியும் இருக்கிறது: சாவியை வெளியே உருவாக்கி, இன்ஸ்டன்ஸை எழுப்பும்போது கொடுக்கும் யூசர்-டேட்டா வழியே உள்ளே செலுத்துவது. கைரேகை முன்பே தெரிந்துவிடும் என்பது இதன் வசதி. ஆனால் யூசர்-டேட்டாவை 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரியில் இன்ஸ்டன்ஸுக்குள் ஓடும் சாதாரண நிரலும் கேட்டு வாங்க முடியும். ரூட் மட்டுமே படிக்க வேண்டிய சாவி, அப்போது எல்லாரும் படிக்கும் இடத்தில் கிடக்கும். தற்காலிகச் சாவி ஒன்றைச் செலுத்தி, அதன் மூலம் நுழைந்து, உள்ளே நிரந்தரச் சாவியை உருவாக்கிக்கொண்டு தற்காலிகத்தை அழிப்பது பாதுகாப்பான மாற்று.

சர்வர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் இடங்களுக்கு ஏற்றது சான்றிதழ் முறை. ஓப்பன்எஸ்எஸ்எச் 2010 முதல் இதைத் தருகிறது. முதல் பூட் சமயத்தில் இன்ஸ்டன்ஸ் தன் சாவியை உருவாக்கி, நிறுவனத்தின் கையொப்ப அதிகாரியிடம் அனுப்பிச் சான்றிதழ் பெறுகிறது. பயனர்களின் நோன்-ஹோஸ்ட்ஸ் கோப்பில் அதிகாரியின் பொதுச் சாவி ஒரே வரியாக இருந்தால் போதும். எத்தனை சர்வர் வந்துபோனாலும் கேள்வியே எழாது. கேட்பவர் உண்மையான இன்ஸ்டன்ஸ்தானா என்று அதிகாரி சோதித்துவிட்டே கையொப்பமிட வேண்டும். முறையின் பலம் முழுவதும் அந்தச் சோதனையில்தான் இருக்கிறது. கைரேகையை டிஎன்எஸ்ஸில் வெளியிடும் முறையும் 2006இலேயே ஆர்எஃப்சி 4255 ஆக வந்தது. டிஎன்எஸ்எஸ்இசி இல்லாமல் அதற்கு மதிப்பில்லை.

சாவி மாறும்போது பயனர்களுக்கு ஆகும் தொல்லையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2023 மார்ச்சில் கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் தனிச் சாவி ஒரு பொதுக் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளிப்பட்டதாகச் சொல்லி, 24ஆம் தேதி அதை மாற்றியது. பழைய ஆர்எஸ்ஏ சாவியைப் பதிந்து வைத்திருந்த கணினிகளில் எல்லாம் அடையாளம் மாறிவிட்டது என்ற எச்சரிக்கை எழுந்தது. பழைய வரியை நீக்கிப் புதிய சாவியைச் சேர்க்க வேண்டியதாயிற்று. பயன்பாட்டில் இருக்கும் சர்வருக்குச் சாவியை மாற்றுவது செலவு மிக்க வேலை. இன்னும் யாரும் இணையாத முதல் பூட்டில் மாற்றுவதற்குச் செலவே இல்லை.

இதிலிருந்து வரும் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பேக்கப்பிலிருந்து ஒரு சர்வரைப் புதிய இன்ஸ்டன்ஸாக மீட்கும்போதும் அடையாள எண் மாறும். கிளவுட்-இனிட் அதைப் புதிய சர்வர் என்றே கொண்டு சாவியை மாற்றிவிடும். அங்கே பழைய அடையாளம் தொடர வேண்டும் என்றால், அழிக்க வேண்டாம் என்று அந்த ஒரு சர்வரின் அமைப்பில் முன்கூட்டியே எழுத வேண்டும். இமேஜில் எழுதக் கூடாது. எச்சரிக்கை தொல்லை தருகிறது என்று கிளையன்ட் பக்கம் ஹோஸ்ட் சாவிச் சோதனையையே அணைத்துவிடுவது பல தானியங்கி நிரல்களில் காணப்படும் பழக்கம். அது இத்தனை ஏற்பாட்டையும் ஒரே வரியில் வீணாக்குகிறது.

8. இமேஜை வெளியிடும் முன்

இமேஜ் கட்டும் பணியின் கடைசிப் படியில் ஹோஸ்ட் சாவிகளின் தனி, பொதுக் கோப்புகள் இரண்டையும் நீக்க வேண்டும். மெஷின்-ஐடி கோப்பையும் நீக்க வேண்டும். ரேண்டம் விதைக் கோப்பையும் கிளவுட்-இனிட்டின் சேமிப்பையும் துடைக்க வேண்டும். கட்டும் கணினியில் இருந்த சாவி வேறெங்கும் பயன்பாட்டில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டால், டிஸ்கின் தொகுதிகளிலிருந்து யாரேனும் அதை மீட்டாலும் பயனில்லை. இயங்கும் சர்வரிலிருந்து பொது இமேஜ் எடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் வெறுமையிலிருந்து கட்டுவது இதற்காகவே நல்லது.

சரியாக நடந்ததா என்று பார்க்க எளிய சோதனை போதும். ஒரே இமேஜிலிருந்து இரண்டு இன்ஸ்டன்ஸை எழுப்பி, இரண்டின் கைரேகைகளையும் கன்சோல் பதிவிலிருந்து எடுத்து, வகைக்கு வகை ஒப்பிட வேண்டும். மூன்று வகையும் இரண்டிலும் வேறாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு முறை ரீபூட் செய்த பிறகு மாறாமல் இருக்க வேண்டும். ஒரு வகையேனும் இரண்டு இன்ஸ்டன்ஸிலும் ஒன்றாக வந்தால், அந்த இமேஜ் வெளியிடத் தகுதியற்றது.